டிலக்ஸ் றிவேர்ப் வால்வு அம்ப்: யாழ்ப்பாணத்தில் வாசித்துப் பார்த்த அனுபவம்

கொக்குவிலிலிருந்து

நல்லூர்த் திருவிழாவுக்கு லண்டனிலிருந்து வந்த மச்சான், ஃபெண்டர் ’64 கஸ்டம் டிலக்ஸ் றிவேர்ப் அம்ப் ஒன்றையும் கூடவே கொண்டுவந்தார். திரும்பிப் போகும்போது அதை எங்கள் வீட்டிலேயே விட்டுவிட்டார். “அடுத்த முறை நான் வரும்வரைக்கும் நீ வாசி, பூட்டி மட்டும் வைக்காதே” என்பதுதான் அவர் போட்ட ஒரே நிபந்தனை. ட்ரான்சிஸ்ரர் இல்லாமல் முழுக்கக் கண்ணாடிக் குழாய் வால்வில் இயங்கும் கிற்றார் அம்பை (அம்பிளிபயரை), அதுவும் இந்தத் தரத்தில் ஒன்றை, யாழ்ப்பாணத்தில் பக்கத்தில் இருந்து கேட்பது லேசில் கிடைக்கிற வாய்ப்பு இல்லை. எங்களில் பெரும்பாலானோர் கலியாண மேடையிலும் தேவாலயப் பாடகர் குழுவிலும் பெடலை நேரே மிக்சருக்குள் சொருகி வாசித்து வளர்ந்தவர்கள். அதனால் கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன். வால்வு அம்ப் வாசித்தவர்கள், திருத்தியவர்கள் கீழே தொடருங்கள்.

முதலில் அம்பைப் பற்றி. டிலக்ஸ் றிவேர்ப் 1963 இல் வந்தது. 12 அங்குல ஸ்பீக்கர் ஒன்று, 20 வாட்டை ஒட்டிய ஒலி, ஒரே ஆள் தூக்கக்கூடிய பெட்டி. ஒலிப்பதிவுக் கூடங்களில் அது இவ்வளவு காலம் நிலைத்ததற்கு இந்த அளவான உருவமும் ஒரு காரணம். கடைகளில் பரவலாகக் கிடைக்கும் ’65 மறுபதிப்பில் அச்சிட்ட சுற்றுப்பலகை இருக்கும். ’64 கஸ்டம் அப்படியில்லை. பழைய முறைப்படி உதிரிப்பாகங்களைக் கையால் கம்பி இழுத்துப் பற்றவைத்திருக்கிறார்கள். பெட்டி பைன் மரம், ஸ்பீக்கர் ஜென்சன் சி-12கியூ. உள்ளே ஒன்பது வால்வுகள்: நான்கு 12ஏஎக்ஸ்7, இரண்டு 12ஏடி7, ஒலியை வெளியே தள்ளும் 6வி6 சோடி, ஏசியை டிசியாக மாற்றும் றெக்ரிஃபயர் வால்வான 5ஏஆர்4.

பழைய அம்பில் றிவேர்ப்பும் (எதிரொலிப்பு) ட்ரெமொலோவும் (சத்தம் ஏறி இறங்கித் துடிப்பது) ஒரு சனலில்தான் வேலை செய்யும். இதில் இரண்டு சனலிலும் உண்டு. ஒரு சனலுக்கு நோர்மல், மற்றதற்கு பிரைட் என்று பெயர். கூர்மையை ஏற்றுகிற சின்னக் கப்பாசிட்டரை பிரைட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். பெடல் பாவிக்கிற எங்களுக்கு அது நல்ல மாற்றம். மிடில் குமிழ் இல்லை. மாஸ்டர் வொலியூமும் இல்லை. ட்ரெபிளையும் பாஸையும் மட்டும் வைத்துக்கொண்டுதான் எல்லாம் செய்ய வேண்டும். பத்துக் குமிழ் இருக்கிற டிஜிட்டல் பெட்டியில் பழகியவர்களுக்கு முதலில் கை வெறுமையாகத் தோன்றலாம். எனக்கு அது விடுதலையாகவே இருந்தது. குமிழைத் தேடுகிற கவனமும் வாசிப்புக்கே வந்துவிட்டது.

சொருகுவதற்கு முன் சுவர்ச் சொக்கற்றில் எர்த் சரியாக இருக்கிறதா என்று மின்வேலை தெரிந்த நண்பரைக் கொண்டு மீற்றர் வைத்துப் பார்த்தேன். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகள் பலவற்றில் மூன்று துளை இருக்கும், எர்த் கம்பி எங்கும் போகாது. வால்வு அம்பில் இது விளையாட்டில்லை. லண்டனில் வாங்கியது 230 வோல்ற்றுக்கு உரியது. இங்கும் 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ்தான். பிளக்கும் அதே சதுர முள். ஆகவே அந்தப் பக்கத்தில் தொல்லை இருக்கவில்லை.

பவரைப் போட்டு, ஸ்டாண்ட்பையில் வைத்து, வால்வுகள் செம்மஞ்சளாகச் சூடேறும்வரை பொறுத்திருந்து, பிறகு அடுத்த சுவிட்சைத் தட்டினேன். உடனே ஒரு கரகரப்பு. அம்பில் ஏதோ பிழை என்றுதான் கூட நின்றவர்கள் சொன்னார்கள். மேலே ஓடிக்கொண்டிருந்த ஃபானின் எலெக்ரோனிக் றெகுலேற்றரை நிறுத்தியதும் பாதி போய்விட்டது. கிற்றாரைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகத் திரும்பியதும் மீதியும் குறைந்தது. ஸ்ட்ராட் கிற்றாரில் தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றும் ஒற்றைச் சுருள் பிக்கப் அப்படித்தான், சுற்றியிருக்கும் மின்காந்த இரைச்சலை எல்லாம் பிடித்துவிடும். இங்கே ஃபான் இல்லாமல் மத்தியானத்தில் வாசிப்பது கொடுமை, அதனால் பழைய சுருள் வகை றெகுலேற்றர் போட்ட அறைக்கு அம்பை மாற்றினேன்.

வொலியூம் 2 இல் ஒரு ஜீ கோட். இரண்டு மூன்று செக்கன் எதுவும் பேசத் தோன்றவில்லை. ஒவ்வொரு தந்தியும் தனித்தனியே கேட்டது. ஒன்றின் மேல் ஒன்று ஏறி மூடவில்லை. நகத்தால் தொட்டதும் விரற்சதையால் தொட்டதும் வெவ்வேறாக வந்தன. இதே கிற்றாரைப் பல வருசமாக வாசிக்கிறேன். அதன் நடுப் பிக்கப் இவ்வளவு இனிமையானது என்பது இந்த அம்பில்தான் தெரிந்தது. ஜென்சன் ஸ்பீக்கர் புதிசு என்பதால் மேல் சுரங்களில் சற்று விறைப்பு இருக்கிறது. வாசிக்க வாசிக்கக் காகிதக் கூம்பு இளகி அது தணியும். ட்ரெபிளை 5 க்கு மேல் ஏற்றாமல் வைத்திருக்கிறேன்.

இனி, இதை எழுத உட்கார்ந்ததன் உண்மையான காரணத்துக்கு வருகிறேன். நான் மேடையில் சினிமாப் பாட்டு வாசிப்பவன். ஆனால் வீட்டில் வாசிப்பது பெரும்பாலும் ராகம். எங்கள் ஊரில் பிறந்தவன் காதில் நாதஸ்வரம் விழாமல் வளர முடியாது. இரவுத் திருவிழாவில் தவிலும் நாதஸ்வரமும் விடியும்வரை போகும் ஊர் இது. அளவெட்டியும் இணுவிலும் தந்த தவில் மேதைகளை இந்தியாவிலும் கொண்டாடினார்கள். தட்சணாமூர்த்தி அவர்களின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்தக் காதோடு கிற்றாரை எடுத்தால் முதலில் முட்டுகிற இடம் கமகம், சுரத்தை அசைத்து இசைப்பது. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது, ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே அசைந்துகொண்டே இருக்கும். கிற்றாரில் அதைத் தந்தியை இழுத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு தட்டு, அதற்குள் மூன்று நான்கு அசைவு. மூன்றாவது அசைவுக்குள் ஒலி செத்துவிடும். திரும்பத் தட்டினால் தாளம் போல் கேட்கும், பாட்டுப் போல் கேட்காது. நாதஸ்வரத்துக்கு மூச்சு இருக்கிறது, வயலினுக்கு வில் இருக்கிறது. கிற்றாருக்கு அந்த ஒரு தட்டுத்தான் மூலதனம்.

இந்த அம்பில் வொலியூமை 4 க்கு மேல் கொண்டுபோனதும் அது மாறியது. தட்டின் முதல் அடி கொஞ்சம் அமுங்கி வந்தது. அதற்குப் பின்னால் வரும் வால் நீண்டது. தந்தியை இழுத்து, இறக்கி, திரும்ப இழுக்கும்வரை ஒலி கூடவே வந்தது. நான்காவது அசைவு முதலாவதைவிடச் சிறியதுதான், ஆனாலும் இருந்தது. தோடியில் ஒரு சின்ன ஆலாபனை, பிறகு சகானா. சகானாவின் அந்த இழுபறியான பிடிகள் கிற்றாரில் இப்படி வருமென்று நான் நினைத்திருக்கவில்லை. உள்ளே இருந்த அம்மா வந்து கதவடியில் நின்று கேட்டா. சினிமாப் பாட்டுக்கு அவ அப்படி வந்து நின்றதில்லை.

ஏன் இப்படி வருகிறது என்பதை வாசித்தும் விசாரித்தும் விளங்கிக்கொண்டது இது. பலமாகத் தட்டும்போது 6வி6 சோடி ஒரே நேரத்தில் நிறைய மின்னோட்டம் கேட்கும். வால்வு றெக்ரிஃபயரும் சின்ன ட்ரான்ஸ்போமரும் அதை உடனே முழுதாகக் கொடுக்க முடியாமல் வோல்ற் கொஞ்சம் சரியும். அதனால் அடியின் உச்சி தணிகிறது. தந்தி அடங்க அடங்க வோல்ற் திரும்ப ஏறுகிறது, ஒலியின் வாலுக்கு இடம் கிடைக்கிறது. 5ஏஆர்4 இல் இந்தச் சரிவு வேறு சில வால்வு றெக்ரிஃபயர்களைவிடக் குறைவு என்பதும் உண்மை. ஆனால் வால்வு தன் எல்லையைத் தொடும்போது திடீரென்று வெட்டுவதில்லை, வளைந்து கொடுக்கும். இரண்டும் சேர்ந்துதான் அந்த இழைவு. முக்கியமானது என்னவென்றால், மெதுவாகத் தட்டினால் எதுவும் நடக்காது. ஒலி அப்படியே தெளிவாக நிற்கும். கை கேட்டால்தான் கொடுக்கிறது.

றிவேர்ப் உண்மையான ஸ்பிரிங்தான். அடியில் ஒரு தகரப் பெட்டிக்குள் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். 3 இல் வைத்தால் போதும். அதற்கு மேல் போனால் ராகத்தின் அசைவுகள் ஒன்றில் ஒன்று கரைந்துவிடும். தேவாலயத்தில் வாசிக்கும்போது 1 கூடத் தேவைப்படாது, அங்கே கட்டடமே அந்த வேலையைச் செய்யும். ட்ரெமொலோவை நான் அதிகம் பாவிக்கவில்லை.

குறையைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு விளம்பரமாகிவிடும். சத்தம். 20 வாட் என்பதைக் கேட்டுச் சின்ன அம்ப் என்று எண்ண வேண்டாம். வாட் பத்து மடங்கு கூடினால்தான் காதுக்குச் சத்தம் ஏறக்குறைய இரு மடங்காகத் தெரியும். ஆகவே 20 வாட்டுக்கும் 100 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் ஏழு டெசிபல் மட்டுமே. சிமெந்து நிலமும் மொட்டைச் சுவரும் உள்ள எங்கள் வீட்டு அறையில் 4 இல் வைத்தால் யன்னல் கண்ணாடி அதிரும். நான் சொன்ன அந்தக் கமகம் 4 க்கு மேல்தான் பிறக்கிறது. பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் இதை வாசிக்க மனம் வராது. அம்பை நிலத்தில் வைக்காமல் மரக்கதிரையில் ஏற்றிச் சற்றுச் சாய்த்து வைத்ததும் அடிச்சத்தத்தின் முழக்கம் குறைந்தது. சுவரில் தடித்த திரைச்சீலை போட்டதும் உதவியது. அவ்வளவுதான் முடிந்தது.

விலை உங்களுக்குத் தெரியும், அல்லது தேடிப் பார்த்துவிடுவீர்கள். மேடையில் மட்டும் வாசிப்பவருக்கு இது தேவையில்லை என்பது என் எண்ணம். மைக் வைத்து, மிக்சர் போய், வரிசை ஸ்பீக்கரில் வரும்போது நான் மேலே எழுதியதில் பாதி காணாமல் போகும். தனியாக இருந்து, ஒரு சுரத்தை நீட்டிக் கேட்க ஆசைப்படுபவருக்கு இது வேறு எங்கும் கிடைக்காத பொருள்.

குருநகரிலிருந்து

தம்பி, நான் கிற்றார் வாசிக்கிற ஆள் இல்லை. சவுண்ட் சேர்விஸ் நடத்தினவன், இப்போது மகன் பார்க்கிறான். உங்கள் பதிவில் வால்வு சூடேறும்வரை பொறுத்திருந்தேன் என்ற வரியைக் கண்டதும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நாங்கள் தொழில் பழகிய காலத்தில் கோயிலுக்கும் பெருநாளுக்கும் கட்டுகிற லவுட்ஸ்பீக்கர் செற்றுக்கு வால்வு அம்பிளிபயர்தான். சுருள்மணம் என்று சொல்ல வேண்டும், சூடான ட்ரான்ஸ்போமரும் தூசியும் சேர்ந்த அந்த மணம். பந்தலுக்குப் பின்னால் அந்த மணம் வந்தால் செற் தயார் என்று அர்த்தம்.

பிறகு 1990 இல் குடாநாட்டுக்குக் கரண்ட் நின்றது. எங்கள் தலைமுறை வால்வை மறந்தது அந்த வருசங்களில்தான். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றி, ரேடியோவில் செய்தியும் பாட்டும் கேட்டோம். அது ட்ரான்சிஸ்ரர் ரேடியோ என்பதால்தான் முடிந்தது. கணக்கைப் பாருங்கள். சைக்கிள் டைனமோ 6 வோல்ற், 3 வாட். உங்கள் அம்பில் இருக்கிற 6வி6 ஒன்றின் சூடாக்கும் இழைக்கு 6.3 வோல்ற்றில் 0.45 அம்பியர் வேண்டும், அதாவது 2.8 வாட். ஒரு டைனமோவை ஒருவர் விடாமல் மிதித்தால் ஒரே ஒரு வால்வைச் சிவக்கவைக்கலாம். பாட்டு வராது, வெளிச்சம் மட்டும் வரும். ஒன்பது வால்வையும் சூடாக்குவதற்கு மட்டும் 26 வாட் வரை போய்விடும், அதற்குப் பிறகுதான் ஒலியே. எங்கள் வீட்டு மேசையில் இருந்த வால்வு ரேடியோ அத்தனை வருசமும் மேலே துணி போர்த்தபடி கிடந்தது.

இப்போது வேலைக்காரனாகச் சில விசயம் சொல்கிறேன், இளம் பெடியள் வடிவாகக் கேளுங்கள். இந்த அம்புக்குள் 400 வோல்ற்றைத் தாண்டிய டிசி ஓடுகிறது. பிளக்கைக் கழற்றின பிறகும் பெரிய கப்பாசிட்டருக்குள் அது தங்கி நிற்கும். தங்கின மின்னை றெசிஸ்ரர் வைத்து இறக்கி, மீற்றரில் பார்த்து உறுதி செய்யத் தெரியாத எவரும் உள்ளே கை வைக்கக் கூடாது. யூட்டியூபில் பார்த்துவிட்டுத் திறக்கிற வேலை வேண்டாம். இரண்டாவது, ஸ்பீக்கர் கம்பி கழன்ற நிலையில் அம்பைப் போட்டு வாசிக்கவே கூடாது. வெளியீட்டு ட்ரான்ஸ்போமர் எரிந்துபோகும். அம்பில் விலை கூடின உறுப்புகளில் அதுவும் ஒன்று. மூன்றாவது, வெளியீட்டு வால்வை மாற்றினால் பயாஸை, அதாவது வாசிக்காதபோது அதில் ஓடும் மின்னோட்டத்தை, அளந்து சரிசெய்ய வேண்டும். முன் வரிசைச் சின்ன வால்வுக்கு அது வேண்டாம்.

எங்கள் பக்கம் கடற்காற்று. வால்வு நிற்கிற சொக்கற்றிலும் கேபிள் ஜாக்கிலும் உப்புப் பிடித்துப் பச்சை ஏறும். அதற்கு நல்ல மருந்து அம்பை அடிக்கடி போட்டு வாசிப்பதுதான், உள்ளே வருகிற சூடு ஈரத்தை விரட்டிவிடும். பூட்டி வைக்காதே என்று உங்கள் மச்சான் சொன்னது சரியான சொல்.

ஸ்கார்பரோவிலிருந்து

மானிப்பாயில் பிறந்து இப்போது கனடாவில் இருப்பவன். என்னிடம் இருப்பது ’65 மறுபதிப்பு. தங்கையின் கலியாணத்துக்கு ஊருக்குப் போனபோது அதையும் எடுத்துப்போனேன், தங்கையின் மாப்பிள்ளை வீட்டாரும் வாசிக்கிற ஆக்கள். இங்கேயிருந்து யாராவது கொண்டுபோக நினைத்தால் இதைக் கவனியுங்கள்.

வட அமெரிக்காவில் வாங்குவது 120 வோல்ற். ஊரில் நேரே சொருகினால் அதோடு முடிந்தது. வோல்ற்றை இறக்கித் தரும் ஸ்ரெப்டவுன் ட்ரான்ஸ்போமர் வேண்டும். அம்பின் பின்புறத்தில் எழுதியிருக்கிற வாட்டைப் பார்த்து, அதைவிட இரு மடங்கு தாங்குகிற ஒன்றை வாங்குங்கள். மலிவாகக் கிடைப்பவற்றில் சில இரண்டு முள் மட்டும் உள்ளவை. அதில் எர்த் தொடர்பு அறுந்துவிடும். எர்த் தொடர்ந்து போகிற மூன்று முள் வகையைத்தான் எடுக்க வேண்டும். அடுத்தது ஹேர்ட்ஸ். இங்கே 60, அங்கே 50. 60 க்கு மட்டும் சுற்றிய ட்ரான்ஸ்போமர் 50 இல் கூடுதலாகச் சூடாகும். அம்பின் ஒட்டுச்சீட்டில் 50/60 என்று இருந்தால் பயமில்லை.

ஊரில் பின்னேரத்தில் எல்லா வீட்டிலும் விளக்குப் போடுகிற நேரம் வோல்ற் இறங்குவதை ஸ்ரெப்டவுன் தடுக்காது. 230 என்பது 200 ஆனால் 120 என்பது 104 ஆகும். அன்றைக்கு நான் வாசித்தபோது அம்ப் களைத்துப்போனது போல் இருந்தது, சத்தம் மங்கி, இளகி வந்தது. ஸ்ரபிலைசர் ஒன்றை முன்னால் வைத்ததும் சரியாகிவிட்டது. கொக்குவில் தம்பி 230 அம்ப் வைத்திருந்தாலும் ஸ்ரபிலைசர் வைப்பது நல்லது என்று நினைக்கிறேன்.

கமகத்தைப் பற்றி எழுதியதைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இங்கே குளிர்காலத்தில் நிலக்கீழ் அறையில் தனியே இருந்து வாசிக்கும்போது எனக்கும் கை மோகனத்துக்கோ தோடிக்கோதான் போகிறது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மின் மாண்டலினை எடுத்துக் கர்நாடக மேடையில் உட்கார்ந்து, மற்றவர்கள் எழுப்பிய கேள்விக்கெல்லாம் வாசிப்பாலேயே பதில் சொன்னவர். அவர் ஒலிப்பதிவுகளைக் கேட்டுத்தான் நான் தந்தியை இழுக்கப் பழகினேன்.

மருதனார்மடத்திலிருந்து

அண்ணா, நான் வயலின் படிக்கிற மாணவி, கிற்றாரும் வாசிப்பேன். உங்கள் பதிவு நல்ல பதிவு, ஆனால் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஒலி நீளுவது வால்வு அம்புக்கே உரிய சொத்து என்பது போல் எழுதியிருக்கிறீர்கள். நான் பெரிய ஒலியை அமுக்கிச் சின்ன ஒலியை ஏற்றும் கொம்ப்ரஸர் பெடல் ஒன்றைச் சாதாரண அம்பில் போட்டுத் தோடி வாசித்துப் பார்த்திருக்கிறேன். நான்கு அசைவு தாராளமாக வருகிறது. தந்தியின் தடிப்பு, இடக்கை விரலின் பலம், இழுத்த பிறகு அழுத்தம் தளராமல் இருக்கிறதா என்பதெல்லாம் அம்பைவிடப் பெரிய காரணங்கள். எங்கள் ஆசிரியர் முதலில் பாடச் சொல்வார், பாட்டில் வராத கமகம் வில்லிலும் வராது என்பார். அம்ப் அதற்குப் பிறகு வருகிற விசயம்.

இன்னொன்று, டிலக்ஸ் றிவேர்ப்பின் டிஜிட்டல் வடிவம் டோன் மாஸ்டர் என்ற பெயரில் 2019 இல் வந்துவிட்டது. நிறை ஏறக்குறைய பத்தரைக் கிலோ, ’65 மறுபதிப்பு பத்தொன்பது கிலோ. பின்னால் ஒரு சுவிட்ச் இருக்கிறது, 22 வாட்டிலிருந்து 0.2 வாட் வரை இறக்கலாம். குமிழ் 5 இல் நிற்கும், சத்தம் அறைக்குள் அடங்கும். பஸ்ஸில் போய் வருகிற, பகிர்ந்த அறையில் இருக்கிற என் போன்றவர்களுக்கு அதுதான் பொருந்தும். 2022 இல் ஒரு நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு வந்ததையும் மறக்க முடியவில்லை. அந்த நேரம் பெற்றரியில் ஓடுகிற சின்னப் பெட்டியில்தான் சாதகம் செய்தேன்.

பருத்தித்துறையிலிருந்து

வால்வு எங்கே கிடைக்கும் என்று யாரும் எழுதவில்லை. உலகத்தில் இப்போது கிற்றார் அம்புக்கான வால்வு பெரும்பாலும் ஸ்லோவாக்கியா, ரஷ்யா, சீனா மூன்று நாட்டில்தான் செய்கிறார்கள். 2022 இல் ரஷ்ய ஏற்றுமதி தடைப்பட்டபோது எல்லா இடமும் விலை ஏறியது. அம்ப் வருகிற அதே பெட்டியில் ஒரு சோடி 6வி6, ஒரு 5ஏஆர்4, இரண்டு 12ஏஎக்ஸ்7 எடுத்துவரச் சொல்லுங்கள். பிறகு தபாலில் எடுப்பது நேரம் பிடிக்கும், கண்ணாடி உடைந்தும் வரலாம். 6வி6 சோடியைப் பொருத்தம் பார்த்த சோடியாகவே கேளுங்கள்.

கொக்குவிலிலிருந்து

எல்லாருக்கும் நன்றி. குருநகர் ஐயா, டைனமோக் கணக்கை அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சைக்கிளை மிதித்த வீடுகளில் எங்களதும் ஒன்று. மாறி மாறி மிதித்த கதையை அவர் சொல்லத் தொடங்கி இரவுச் சாப்பாடு பிந்திவிட்டது. ஸ்கார்பரோ அண்ணை, ஸ்ரபிலைசர் வாங்கி வைத்துவிட்டேன். பின்னேரத்தில் வாசிக்கும்போது வித்தியாசம் தெரிகிறது. பருத்தித்துறை நண்பர் சொன்ன வால்வுப் பட்டியலை மச்சானுக்கு அனுப்பியிருக்கிறேன்.

மருதனார்மடத் தங்கச்சி, கை முதலில், அம்ப் பிறகு என்று நீங்கள் சொல்வதை முழுதாக ஒப்புக்கொள்கிறேன். டோன் மாஸ்டர் பற்றிச் சொன்னதும் சரி, பகிர்ந்த அறைக்கு அதுவே பொருத்தம். கொம்ப்ரஸர் விசயத்தில் மட்டும் என் காது வேறு சொல்கிறது. பெடலில் வால் நீளும்போது பின்னணி இரைச்சலும் சேர்ந்து மேலே வருகிறது. வொலியூமைக் கையால் குறைத்து வாசிக்கும் இடத்திலும் அது தன் வேலையை நிறுத்துவதில்லை. சகானாவில் ஒரு பிடியை அடக்கி வாசித்து, அடுத்ததைத் திறந்து வாசிக்க வேண்டும். பெடல் இரண்டையும் ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்துவிடுகிறது. இந்த அம்ப் அடக்கியதை அடக்கியபடியே விடுகிறது. நான் நீளத்துக்காக மட்டும் இதைப் புகழவில்லை, அந்த ஏற்ற இறக்கம் அழியாமல் நீளுவதற்காகத்தான்.

எழுத்தில் இதைத் தீர்க்க முடியாது. சனிக்கிழமை மத்தியானம் பக்கத்து வீட்டில் ஆக்கள் இருப்பதில்லை, அப்போது வீட்டுக்கு வாருங்கள், அம்மாவும் இருப்பா. உங்கள் கொம்ப்ரஸரையும் கொண்டுவாருங்கள். ஒரே கிற்றார், ஒரே அம்ப், பெடல் போட்டு ஒரு முறை, போடாமல் ஒரு முறை தோடி வாசிப்போம். வயலினில் ஒட்டுகிற பிக்கப் உங்களிடம் இருந்தால் அதையும் எடுத்துவாருங்கள், நோர்மல் சனலில் றிவேர்ப்போடு அது எப்படி வருகிறது என்று கேட்க எனக்கு ஆசை. கிற்றாருக்குக் கேபிள் நீளமாகக் கொண்டுவர வேண்டாம், நீளம் கூடக் கூட மேல் சுரங்கள் மங்கும். மூன்று மீற்றர் போதும்.